பத்தாம் தேதி புறப்பட்ட பூட்ஸ்

நாம்சே
ஜூன் 18, 1996

அன்புள்ள தம்பி உர்கேனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் என் இரண்டு முழங்கால்களும் நலம். வலது கொஞ்சம் குறைவான நலம். உன் வீட்டுக்காரிக்கு இருமல் நின்றதா? நான் கொடுத்தனுப்பிய யாக் வெண்ணெயைத் தேநீரில் போட்டுக் குடிக்கச் சொல். காட்மாண்டு வெயிலில் உருகிப்போகும் என்று பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. கடைக்கு மலைச் சாமான் வாங்க ஆள் வரத்தில்லை. கொரியாக்காரர்கள் விட்டுப்போன கிராம்பான்களை எடுத்துவைத்து, பூட்ஸுக்கடியில் மாட்டும் அந்தப் பற்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறேன். ராவும்போது முடிவு செய்தேன். இந்த அக்டோபரில் நாம் போகிறோம். போகலாமா என்று கேட்கவில்லை, போகிறோம்.

லுக்லாவிலிருந்து சத்ருவா கணவாய் ஏறி, கரே. அங்கே இரண்டு நாள் உடம்பைப் பழக்கி, மேரா சிகரம். இறங்கி ஹுங்கு பள்ளத்தாக்கு, ஐந்து ஏரிகள். அங்கிருந்து அம்பு லாப்சா கணவாயைத் தாண்டி சுகுங். ஒரு நாள் படுத்துக்கிடந்துவிட்டு இம்ஜா சிகரம். பிறகு வீடு. மொத்தம் இருபத்து நான்கு நாள். வெள்ளைக்காரர்கள் மேராவை ஒரு தடவையும் இம்ஜாவை இன்னொரு தடவையும் வந்து ஏறுகிறார்கள். நடுவில் இருக்கும் கணவாயைப் பார்த்துப் பயம். இரண்டு பக்கமும் சுமை கொண்டுபோக ஆள் பிடிக்க வேண்டும் என்பதால் உன் மாதிரி மலையேற்ற ஆபீஸ்காரர்களுக்கும் சோம்பல். கயிறும் மண்ணெண்ணெயும் சாப்பாடும் கணவாயின் இரண்டு அடிவாரத்திலும் முன்கூட்டியே காத்திருந்தால் பயம் எதற்கு? அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இருபது வருஷமாக வேறு என்ன செய்கிறேன்?

நீ, நான், சுமைக்கு இரண்டு பேர். அவ்வளவுதான்.

ஏன் இந்த வருஷம் என்று கேட்பாய். எனக்கு நாற்பத்தேழு. முழங்கால் இன்னும் ஒரு பருவம் தாங்கும், அதற்கு மேல் அது சொல்வதை நான் கேட்க வேண்டியிருக்கும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது, உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஆனால் ஞாபகம் இருக்கும். ஒரு மலையேற்றக் குழுவுக்கு முப்பது கிலோ கயிற்றைச் சுமந்து ஐந்து ஏரிகள் வரை போனேன். கணவாயின் அடியில் அந்தக் குழுத் தலைவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பொம்பளப் புள்ள இதோட நிக்கட்டும். மேல வந்து எங்க கால இழுத்துவிட்டுறப் போகுது. சுமைய இறக்கி வச்சிட்டுத் திரும்பு."

என் சுமை மேலே போயிற்று. நான் கீழே போனேன். நாலு நாள் தனியாக நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய்: "அக்கா, அந்தப் பக்கம் என்ன இருக்கு?" தெரியாது என்றேன். இன்னும் தெரியாது, உர்கேன். சுகுங் பக்கமிருந்து ஆயிரம் தடவை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். அந்த முகட்டில் நின்றதில்லை.

இரண்டு சிகரத்துக்கும் அனுமதிச் சீட்டு எடுப்பது உன் வேலை. என் பெயரைச் சமையல்காரி என்று எழுதிவிடாதே. ஏறுபவள் என்று எழுது.

உன் அக்கா,
யாங்ஜி


காட்மாண்டு
ஜூலை 9, 1996

என் அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். வெண்ணெய் வந்தது, உருகிவிட்டது, ஆனாலும் குடித்தாள், இருமல் நின்றது. உன் வைத்தியத்துக்கு முன்னால் இங்குள்ள டாக்டர்கள் கடையை மூட வேண்டியதுதான்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அக்கா, நான் பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு திட்டத்தை எங்கள் ஆபீஸில் யாரும் போட்டதில்லை. மேராவில் ஏறினால் உயரம் பழகிவிடும், அந்தப் பழக்கத்தோடேயே கணவாய், அதே பழக்கத்தோடு இம்ஜா. ஒன்றுக்கு ஒன்று படிக்கட்டு மாதிரி. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருக்கிறது.

கண்டிப்பாகப் போகிறோம். சீட்டு இரண்டையும் நானே நேரில் போய் எடுக்கிறேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்தது. போதுமா?

ஒரே ஒரு வேண்டுகோள். நாள்வாரியாக எந்த இடத்தில் முகாம், எங்கே தண்ணீர், கயிறு எத்தனை மீட்டர், ஏரிகள் பக்கம் சாமானை எந்தப் பாறைக்கு அடியில் வைக்கப்போகிறாய், எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பு. உனக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சாப்பாட்டையும் கொஞ்சம் தாராளமாகவே வை. மலையில் கூடுதலாக இருந்தால் கெட்டுப்போகாது.

முழங்காலைப் பார்த்துக்கொள். அதிகமாகச் சுமக்காதே.

உன் அன்புத் தம்பி,
உர்கேன்


நாம்சே
செப்டம்பர் 4, 1996

அன்புள்ள தம்பிக்கு,

சுமக்காதே என்றாயே, தினமும் சுமக்கிறேன். காலையில் ஒரு மூட்டை அரிசியை முதுகில் போட்டு விமானத் திடல் வரை ஏறி, அதே மூட்டையோடு இறங்கி வந்து கடை திறக்கிறேன். ஊரே வேடிக்கை பார்க்கிறது. ரொட்டிக் கடை டோல்மா வாசலிலேயே நின்று கேட்கிறாள்: "என்ன யாங்ஜி, அரிசிக்கு வீடு மறந்துபோச்சா? தெனமும் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்றியே?"

"ஊர சுத்திக் காட்டுறேன்டி. பாவம், சாக்குக்குள்ளயே கெடக்குது."

"எந்த மலைக்கு?"

"ரெண்டு மலைக்கு."

"ஒண்ணு ஏறவே ஒனக்கு மூச்சு வாங்குது!"

"அதனாலதான் ரெண்டு. ஒண்ணுல மூச்சு வாங்குனா இன்னொண்ணுல திருப்பிக் குடுக்கும்."

சிரிக்கட்டும். போன வாரத்தைவிட இருபது நிமிஷம் குறைந்திருக்கிறது.

நீ கேட்ட நாள்வாரிப் பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. சாமான் விஷயம் இங்கே எழுதுகிறேன், தாள் தொலைந்தாலும் இது இருக்கும். சுகுங்கில் என் தோழி லாமுவின் விடுதிப் பின்கட்டில் மண்ணெண்ணெய், சாம்பா மாவு, உருளைக்கிழங்கு, காய்ந்த பாலாடைக்கட்டி. நீ தாராளமாக என்றாய், பத்துப் பேருக்கு வரும். ஹுங்கு பக்கம், லாமுவின் வீட்டுக்காரன் சோங்பா மாதக் கடைசியில் கணவாயைத் தாண்டிக் கொண்டுபோய் வைப்பான். மேலிருந்து மூன்றாவது ஏரி, அதன் வடக்குக் கரையில் ஒட்டகம் உட்கார்ந்த மாதிரி ஒரு பாறை, அதன் வயிற்றுக்கடியில் நீல டிரம். உள்ளே நூற்றைம்பது மீட்டர் கயிறு, ஆறு பனி ஆணி, சாப்பாடு. இந்த இடம் சோங்பாவுக்கும் எனக்கும் உனக்கும்தான் தெரியும்.

பாங்போச்சே லாமாவிடம் நாள் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறப்படணும். ஒருத்தர் முன்ன, ஒருத்தர் பின்ன வேணாம். அக்டோபர் பத்து, வெயில் படறதுக்கு முன்ன." அவருக்கு எப்போதும் போல ஒரு ஜோடி காலுறை கொண்டுபோனேன். எந்த நாட்டுக் கம்பளி என்று கேட்டார். நார்வே என்றேன். மந்திரம் இன்னும் கொஞ்சம் நீளமாக வந்தது.

எட்டாம் தேதிக்குள் வந்துவிடு. உனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு வைக்கிறேன்.

உன் அக்கா,
யாங்ஜி


காட்மாண்டு
செப்டம்பர் 30, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன். அனுமதிச் சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ஊரில் இல்லை. ஆபீஸிலும் விடுப்பு இழுத்தடிக்கிறார்கள். எட்டாம் தேதி வர முடியாது அக்கா. இருபத்தைந்துக்குள் வந்துவிடுவேன், சத்தியமாக.

லாமா சொன்ன நாளை விட்டுவிட எனக்கும் மனசில்லை. அதனால் நம் வழக்கப்படி செய்வோம். என் பூட்ஸை சமையல்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பத்தாம் தேதி காலையில் அதை நம் வீட்டிலிருந்து எடுத்துப்போய் ஊர் எல்லைக்கு வெளியே யார் வீட்டிலாவது வைத்துவிடு. என் காலில் கிடந்தது புறப்பட்டுவிட்டால் நான் புறப்பட்ட மாதிரிதான். உன்னுடையதையும் பக்கத்தில் வை. இரண்டு பேரும் ஒரே நாளில் கிளம்பியதாகக் கணக்கு.

கோபப்படாதே. உருளைக்கிழங்கு ரொட்டியை இருபத்தைந்தாம் தேதி சாப்பிடுகிறேன்.

உன் தம்பி,
உர்கேன்


நாம்சே
அக்டோபர் 11, 1996

அன்புள்ள தம்பிக்கு,

பூட்ஸ் எட்டாம் தேதி மாலை வந்தது. நேற்று புறப்படவும் செய்தது.

விடியும்போது சாணச் சாம்பலைத் தள்ளி அடுப்பில் தேவதாரு இலை போட்டுப் புகைத்தேன். வழியனுப்பப் போடும் வெள்ளைக் கதா துண்டு உன் பூட்ஸுக்கு ஒன்று, என் தொப்பிக்கு ஒன்று. இரண்டையும் ஒரே கூடையில் வைத்து, மந்திரக்கல் சுவரை வலமாகச் சுற்றி, ஊருக்கு வெளியே டோல்மாவின் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவளும் சும்மா இல்லை: "தம்பி எங்க அக்கா?" "இதோ, கூடையில." "இவ்வளவு அமைதியா அவரு இருந்து நான் பாத்ததே இல்ல!" சாங் கள் ஊற்றினாள். உனக்கும் ஒரு கோப்பை ஊற்றிப் பூட்ஸ் பக்கத்தில் வைத்தாள். நீ குடிக்காததால் நான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது தாம்செர்கு மலையின் நுனியில் வெயில் பட்டது. உர்கேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நான் புறப்பட்டுவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம். துண்டு கட்டும்போது வியாபாரிக் கண் சும்மா இருக்கவில்லை. பழைய பூட்ஸ் வாங்கும்போது நான் ஆளைப் பார்ப்பதில்லை, தோலைத்தான் பார்ப்பேன். எங்கே மடிந்திருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், போட்டவன் எப்படி நடந்தான் என்று சொல்லிவிடுவேன். உன் இடதுகாலில் இரண்டு விரல் பனியில் கருகிப்போய் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் திணிக்கக் கம்பளி உருண்டை பிடித்துக் கொடுத்தவளே நான்தான். விரல் இல்லாத இடத்தில் தோல் குழிந்து மடியும். இந்த இடது பூட்ஸில் மடிப்பு நேராக ஓடுகிறது. பத்து விரலும் இருப்பவன் போட்ட பூட்ஸ் இது. உள்ளே கம்பளியும் இல்லை.

புதிதாக யாரிடமாவது வாங்கினாயா? வாங்கியதாக இருந்தால் உன் காலில் கிடந்தது என்று ஏன் எழுதினாய்? எனக்குத்தான் கண் கெட்டுவிட்டதோ என்னவோ. ஒரு வரி எழுது.

உன் அக்கா,
யாங்ஜி


கரே
அக்டோபர் 15, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இடத்தின் பெயரைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், நான் கரேயில் இருக்கிறேன். என்னோடு ஆறு ஆஸ்திரியர்களும் ஒன்பது சுமைக்காரர்களும்.

தயவுசெய்து முழுவதும் படி. ஜூலையில் இவர்கள் வந்து, யாரும் செய்யாத ஏதாவது வேண்டும் என்றார்கள். என் முதலாளி என்னைப் பார்த்தார். உன் திட்டம் மனசில் இருந்தது, வாயிலிருந்து வந்துவிட்டது. அதன் பிறகு பின்வாங்க முடியவில்லை. இது நன்றாக முடிந்தால் என்னைப் பங்குதாரராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு வயதில் இன்னும் அடுத்தவன் ஆபீஸில் நாற்காலி துடைக்கவா?

நான் உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ வருவேன் என்பாய். ஆறு விருந்தாளிகளை வைத்துக்கொண்டு அந்தக் கணவாயில் உன் முழங்காலையும் எப்படி நான் பார்த்துக்கொள்வது? நடுவில் நீ நின்றுவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டும். உன் நல்லதுக்காகத்தான் சீட்டில் உன் பெயரைப் போடவில்லை. அடுத்த வருஷம் நாம் இரண்டு பேர் மட்டும், கண்டிப்பாக.

ஏரிக்கரை டிரம்மை எடுத்துக்கொள்கிறேன், நீ தவறாக நினைக்க மாட்டாய் என்று தெரியும். சுகுங்கில் இருக்கும் சாமானையும் எங்களுக்குத் திறந்துவிடும்படி லாமுவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. இருபத்து மூன்றாம் தேதி கணவாய் தாண்டுவோம். இறங்கும்போது எல்லோரும் பசியோடு இருப்பார்கள்.

உன் தம்பி,
உர்கேன்


அம்பு லாப்சா முகடு
அக்டோபர் 22, 1996, மதியம்

உர்கேனுக்கு,

பேனா உறைந்துவிட்டது, பென்சிலில் எழுதுகிறேன். கையுறையோடு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், படித்துக்கொள்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த ஆள் பாவம், தேநீர் குடித்துக்கொண்டே சொன்னான்: "ஒங்க தம்பி ஏழாந்தேதியே லுக்லா வந்துட்டாரே அக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?" தெரியாது என்றேன். "ரெண்டு நாள் தங்கி ஆள் சேத்தாரு. காலு மட்டும் வலிக்குதுன்னாரு, இடது பூட்ஸுக்குள்ள பழைய கம்பளி உருண்டைய எடுத்து வெயில்ல காயப்போட்டாரு." அவனுக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

ஆக, உன் பூட்ஸ் உன் காலில்தான் இருந்தது. எனக்கு யாருடையதையோ அனுப்பினாய். நாம்சேக்கு இரண்டு நாள் நடைதூரத்தில் நீ இருந்தாய், நான் வீட்டில் அந்நியன் ஒருவனின் பூட்ஸுக்குத் துண்டு போட்டு, புகை காட்டி, சாங் ஊற்றி வழியனுப்பிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு நான் எழுதிய கடிதம் காட்மாண்டில் உன் வீட்டில் பிரிக்காமல் கிடக்கும். திரும்பிப்போனதும் எடுத்துப் படி. அதில் அழுததாக ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் படிக்காதே, அது என் தம்பிக்கு எழுதியது.

திட்டத்தை எடுத்துக்கொண்டாய், சரி. நானும் வியாபாரிதான். எதிர்க்கடைக்காரன் கண்ணில் நல்ல சரக்குப் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நேராக வந்து, "அக்கா, எனக்கு இது வேணும், நீ இந்தத் தடவை விட்டுக்குடு" என்றிருந்தால் நான் நாலு நாள் கத்தியிருப்பேன், ஐந்தாம் நாள் டிரம்மை இன்னும் பெரிதாக வாங்கியிருப்பேன். அது உனக்கும் தெரியும். கேட்காமல் விட்டது பயத்தால் இல்லை. கேட்க வேண்டிய ஆளாக என்னை நீ நினைக்கவில்லை. "முழங்கால்" என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு அந்தத் தலைவர் "கால இழுத்துவிட்டுறப் போகுது" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நீ பூட்ஸ் அனுப்பினாய்.

பத்தாம் தேதி நீ புறப்படவில்லை. ஆனால் என் தொப்பி என் தொப்பிதான். நான் புறப்பட்டது புறப்பட்டதுதான். புறப்பட்டவள் வீட்டில் உட்கார்ந்திருப்பது நல்லதில்லை என்பதால் உன் கடிதம் வந்த மறுநாளே கடையை டோல்மாவிடம் விட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு சுகுங் வந்தேன். இம்ஜாவுக்குச் சீட்டு இல்லை, என் பெயர்தான் அதில் இல்லையே. கணவாய்க்கு யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

லாமு திட்டினாள். "அவன் பட்டினி கெடக்கட்டும், பின்கட்டப் பூட்டு. சாவிய எங்கிட்ட குடு, ஆத்துல போடுறேன்." கொஞ்ச நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏரிக்கரை டிரம்மைக்கூட எடுத்துவரச் சொல்லியிருக்கலாம், சோங்பாவுக்கு நேரம் இருந்தது. நீ பாறைக்கடியில் குனிந்து பார்த்து, ஒன்றுமில்லாமல் நிமிரும் முகத்தை மனசில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உன் பின்னால் ஒன்பது பேர் முதுகில் சுமையோடு நிற்பார்கள். அந்த இடத்தில் சுமையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை சோங்பா முன்னால் ஏறிக் கயிறு போட்டான், நான் பின்னால். நடுவில் பனிச்சுவரில் ஒரு இடத்தில் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. கையால் பிடித்து மடக்கினேன். மடங்கியது. சோங்பா மேலிருந்து கத்தினான்: "அக்கா, தூக்கவா?" "தூக்குனா ஒனக்கு வாழ்நாள் முழுக்க என் கடையில கையுறை கெடையாதுடா!" பதினொரு மணிக்கு முகட்டுக்கு வந்தேன்.

நீ பன்னிரண்டு வயதில் கேட்டாயே, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று. ஐந்து ஏரிகள் இருக்கின்றன. மூன்றாவது ஏரிக்கரையில் ஏழு மஞ்சள் கூடாரம் இருக்கிறது. ஒட்டகப் பாறைக்குப் பக்கத்தில் யாரோ நீல டிரம்மை உருட்டுகிறார்கள். அதற்குக் கீழே ஒரு தட்டையான கல் இருக்கிறது. அன்றைக்கு அதில்தான் என் சுமையை இறக்கி வைத்தேன். மேலிருந்து பார்த்தால் உள்ளங்கை அகலம்கூட இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. சுகுங் பின்கட்டு திறந்திருக்கும். முதலில் சுமைக்காரர்களுக்குப் போட வேண்டும், பிறகு விருந்தாளிகளுக்கு, மிச்சம் இருந்தால் உனக்கு. லாமுவிடம் இந்த வரிசையில் சொல்லியிருக்கிறேன். அவள் கரண்டி தப்பாது. நாம்சே வரும்போது எங்கள் தெரு வழியாக வராதே. திடலைச் சுற்றி மேல் பாதை இருக்கிறது. பூட்ஸோ கம்பளியோ வேண்டுமென்றால் ஊரில் இன்னும் பதினாலு கடை உண்டு.

நீ அனுப்பிய பூட்ஸை இங்கே கயிறு கட்டிய பாறையில் தொங்கவிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை இடது பூட்ஸின் நுனியில், உன் இரண்டு விரலுக்கான இடத்தில் திணித்து வைக்கிறேன். வேறு யாரும் அங்கே கைவிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

சுகுங் பக்கம் இறங்குவதற்கு நூறு மீட்டர் புதுக்கயிறு, என் கடையிலிருந்து கொண்டுவந்தது. ஒன்பது பேருக்காகப் போட்டது, நீயும் இறங்கிக்கொள்ளலாம். பாதி இறக்கத்தில் ஒரு இடத்தில் பனி மெல்லியதாக இருக்கிறது, வலதுபக்கம் ஒட்டி வா. மேல் முடிச்சை சோங்பா போட வந்தான், நான் விடவில்லை. அது நான் போட்ட முடிச்சு. நம்பி இறங்கு.

இப்படிக்கு,
யாங்ஜி ஷெர்பா
பழைய மலைச் சாமான் கடை, நாம்சே